ஓரத்து ஸ்க்ரூ

என்ன வேலை பார்க்கிறாய் என்று ஊரில் யாராவது கேட்டால் நான் இழுப்பேன். அதற்குள் அம்மா முந்திக்கொண்டு "இன்சினியரு" என்று முடித்துவிடுவார். உண்மையில் நான் பார்ப்பது அடுத்தவர் வீட்டுக் கூரைக்குள் தவழ்கிற வேலை. ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையில் டவுன்ஸ்வில் என்று ஓர் ஊர். அங்கே நாலே பேர் உள்ள ஒரு நிறுவனம். தகட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவில் உள்ள இருட்டுக்குள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஊர்ந்துபோய், தகட்டைத் தாங்குகிற ரீப்பர் சட்டத்தைக் கீழே உள்ள கைமரத்தோடு எது பிடித்துக்கொண்டிருக்கிறது, வெறும் ஆணியா, இரும்புப் பட்டையா, நீள ஸ்க்ரூவா என்று பார்த்து, அளந்து, படம் எடுத்து அறிக்கை எழுத வேண்டும். நவம்பர் மதியத்தில் உள்ளே போனால் இட்லிக் கொப்பரைக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். இரண்டு முறை மலைப்பாம்புச் சட்டை கிடைத்திருக்கிறது. பாம்பு இன்னும் கிடைக்கவில்லை.

இதற்குச் சம்பளம் தருகிறார்கள். எனக்கு இன்றைக்கும் அது ஆச்சரியம்தான். நான் பேராவூரணிப் பக்கத்துக்காரன். புயல் வரும் என்று ரேடியோவில் சொன்னால் கீற்றுக் கொட்டகை மேல் பழைய வலையை வீசி, நாலு மூலையிலும் மணல் மூட்டையைத் தொங்கவிடுகிற ஊரில் வளர்ந்தவன். கூரையைக் காற்று எப்படித் தூக்கும் என்று எங்கள் தெருவில் தெரியாதவர் யார்? தெரிந்ததற்காக யாரும் யாருக்கும் பத்து காசு கொடுத்ததில்லை. அந்த வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதுதான் இந்தப் பதிவு. நீளமாகப் போகும், சொல்லிவிட்டேன்.

2016 பிப்ரவரியில் படிக்க வந்து இறங்கியபோது டவுன்ஸ்வில் துக்க வீடு மாதிரி இருந்தது. நகருக்கு வெளியே இருந்த நிக்கல் ஆலை அப்போதுதான் மூடிக்கொண்டிருந்தது. சுமார் 800 பேருக்கு வேலை போனது. நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரரின் தம்பியும் அதில் ஒருவர். பின்கட்டில் உட்கார்ந்து பியர் குடித்துக்கொண்டே, "இனி இந்த ஊரில் என்ன இருக்கிறது? வெயில் இருக்கிறது, கொசு இருக்கிறது" என்பார். அதே சமயத்தில் செய்தித்தாளிலும் பல்கலைக்கழகச் சுவர்களிலும் வேறொரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நமக்கு வெப்பமண்டலம் தெரியும். உலக மக்கள் தொகையில் 40 சதவீதம் வெப்பமண்டலத்தில்தான் இருக்கிறது. இந்த அறிவை வைத்தே இந்த வட்டாரம் பிழைக்கலாம் என்று.

எனக்குச் சிரிப்பு வந்தது. வேர்த்து வடிகிற ஊரில் பிறந்து வளர்ந்ததெல்லாம் ஒரு தகுதியா? அப்படியென்றால் பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நிற்கிற அத்தனை பேரும் பேராசிரியர்கள்.

ஆனால் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் இதைத் தீவிரமாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1970-ல் தனிப் பல்கலைக்கழகம் ஆனதிலிருந்தே வெப்பமண்டலம்தான் அதன் அடையாளம். 2003-ல் சிங்கப்பூரில் ஒரு கிளை திறந்தார்கள். 2014 ஜூன் 29 அன்று வெப்பமண்டல நாடுகளின் நிலை பற்றி ஒரு பெரிய அறிக்கையை யாங்கோனில் ஆங் சான் சூச்சி கையால் வெளியிட வைத்தார்கள். ஐ.நா. சபை 2016-ல் அந்தத் தேதியையே சர்வதேச வெப்பமண்டல நாளாக அறிவித்தது. எனக்கு விழாக்களில் நம்பிக்கை வருவதில்லை. நம்பிக்கை வந்தது ஒரு ஸ்க்ரூ ஓட்டையில்.

கட்டுமான வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், கட்டுக்கம்பியை வெட்ட வெட்டுக்கத்தி தேவையில்லை. முன்னும் பின்னும் நாலு தடவை வளைத்தால் போதும், ஒடிந்துவிடும். அதே கம்பியை இழுத்து அறுக்கச் சொன்னால் எந்தப் பயில்வானாலும் முடியாது. தகரக் கூரை புயலில் போவதும் இப்படித்தான். இது தெரிய வருவதற்கு ஒரு நகரமே அழிய வேண்டியிருந்தது.

1971 டிசம்பர் 24 அன்று அல்தியா என்ற புயல் டவுன்ஸ்வில்லை அடித்தது. சரியாக மூன்று வருடம் கழித்து, 1974 கிறிஸ்துமஸ் விடியலில் ட்ரேசி புயல் நாட்டின் வடக்கே உள்ள டார்வின் நகரை அடித்தது. விமான நிலையக் காற்றுமானி மணிக்கு 217 கிலோமீட்டர் காட்டிவிட்டு உடைந்துபோனது. 66 பேர் செத்தார்கள். ஊரின் பெரும்பாலான வீடுகள் போய்விட்டன. டவுன்ஸ்வில்லிலிருந்து ஜார்ஜ் வாக்கர் என்ற பல்கலைக்கழகப் பொறியாளர் அந்தச் சிதிலத்துக்குள் போய்ப் பார்த்தார். கூரைத் தகடுகள் எல்லாம் அன்றைய சோதனையில் தேறியவைதான். ஆனால் அந்தச் சோதனை என்ன? தகட்டின் மேல் ஒரே சீரான எடையை ஏற்றிப் பார்ப்பது. கம்பியை இழுத்துப் பார்ப்பது மாதிரி. புயல் அப்படி இழுப்பதில்லை. மணிக்கணக்காகத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. ஒவ்வொரு தூக்கலுக்கும் ஸ்க்ரூ தலையைச் சுற்றி உள்ள தகரம் மடிந்து நிமிர்கிறது. மடிந்து நிமிர்ந்து கடைசியில் கீறல் விடுகிறது.

1977-ல் பல்கலைக்கழகத்திலேயே புயல் சோதனை நிலையம் ஒன்றை ஆரம்பித்தார்கள். நான் முதன்முதலில் அங்கே போனபோது பெரிய காற்றாடி ஏதாவது சுற்றிக்கொண்டிருக்கும் என்று எதிர்பார்த்தேன். இருந்தது ஒரு பெட்டி. அதன் மேல் நிஜக் கூரையின் ஒரு துண்டைப் பொருத்தி, உள்ளே காற்றழுத்தத்தை ஏற்றி இறக்குகிறார்கள். வடிவமைப்புக்கு உரிய முழு அழுத்தத்தில் 45 சதவீதம் 4,500 முறை. பிறகு 60 சதவீதம் 600 முறை. 80 சதவீதம் 80 முறை. முழு அழுத்தம் ஒரே ஒரு முறை. அப்புறம் அதே வரிசையில் இறங்கி வர வேண்டும்: 80, 600, 4,500. புயல் நெருங்குவதும், உச்சம் அடிப்பதும், விலகிப் போவதும் இதில் இருக்கிறது. மொத்தம் 10,361 தூக்கல்கள்.

ஒரு சோதனை முடிந்து கழற்றிய தகட்டை என் கையில் கொடுத்தார்கள். தள்ளி நின்று பார்த்தால் புதுத் தகடு. கிட்டத்தில் பிடித்து ஸ்க்ரூ ஓட்டையைப் பார்த்தால், ஓட்டையிலிருந்து நாலு பக்கமும் முடி மாதிரி மெல்லிய கீறல்கள், நட்சத்திரம் போல. விரலால் தடவினால் ஒரு கீறலில் நகம் மாட்டியது. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் ஸ்க்ரூ அங்கேயே நிற்க, தகடு மட்டும் அதன் தலை வழியாக உருவிக்கொண்டு பறந்திருக்கும். சிறு வயதில் பார்த்த ஒன்று சட்டென்று ஞாபகம் வந்தது. புயலுக்குப் பிறகு எங்கள் ஊர் ரைஸ் மில்லில் போல்ட் எல்லாம் வரிசை குலையாமல் நிற்கும், ஷீட் மட்டும் இருக்காது. "போல்ட்டு நல்ல போல்ட்டுதான்" என்று அப்பா சொல்வார். அதற்கு மேல் யாரும் யோசித்ததில்லை.

இதில் பொருளாதாரம் எங்கே வருகிறது என்றால், அந்த எண் வரிசை நாட்டின் கட்டிட விதிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. புயல் பகுதியில் உலோகக் கூரை விற்க வேண்டுமென்றால் தகடு, ஸ்க்ரூ, வாஷர் எல்லாம் சேர்ந்து இந்தச் சோதனையில் தேறியாக வேண்டும். தெற்கே குளிரில் இருக்கிற தொழிற்சாலைக்காரர் சோதனைக்குக் காசு கட்டுகிறார். தேறிய பொருளைக் கடைக்காரர் விற்கிறார். அதை விதிப்படி பூட்டத் தெரிந்த கூரைக்காரருக்குக் கூலி கூடுதல். அவர் பூட்டியதைச் சரிபார்க்கக் கட்டிடச் சான்றாளர் ஒருவர். பழைய வீடாக இருந்தால் உள்ளே தவழ நான். 2006-ல் லாரி புயலும் 2011-ல் யாசி புயலும் வந்தபோது கார் நிறுத்துகிற கொட்டடியின் ஷட்டர்தான் முதலில் உள்ளே மடங்குகிறது, அதன் வழியே காற்று புகுந்து கூரையை உள்ளிருந்து தூக்குகிறது என்று பார்த்து எழுதினார்கள். 2012-ல் ஷட்டருக்கான தரவிதி மாறியது. உடனே காற்றுப்பூட்டு வைத்த ஷட்டர் என்று ஒரு புதுச் சரக்கு, அதைப் பூட்ட ஆள், அதைப் பார்க்க ஆள். ஒவ்வொரு புயலும் நாலு பேருக்கு வேலை வைத்துவிட்டுப் போகிறது. குரூரமாக இருக்கிறது, ஆனால் நடப்பது அதுதான்.

2018 நவம்பர் 16. எங்களுக்கு அங்கே விடியற்காலம், ஊரில் நள்ளிரவு தாண்டிய நேரம். கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறிக்கொண்டிருந்தது. நான் கையில் போனோடு ஒன்றரை மணி நேரம் அப்பாவோடு பேசினேன். பேசினேன் என்று சொல்ல முடியாது, இரண்டு பக்கமும் காற்றுச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். நடுவில் ஒரு சத்தம், பெரிய தட்டு உருண்டு போவது மாதிரி. "மாட்டுக் கொட்டா போச்சுடா" என்றார் அப்பா. அப்புறம் தென்னைகள் ஒடிகிற சத்தம். அப்புறம் சிக்னல் இல்லை. மூன்று நாள். அந்த மூன்று நாளும் நான் வேலைக்குப் போனேன். வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தியின் வீட்டுக் கூரைக்குள் படுத்துக்கொண்டு, ஒவ்வொரு பட்டையாக எண்ணி, "கைமரம் 14, பட்டை உண்டு, துரு இல்லை" என்று குறித்துக்கொண்டேன். எங்கள் பகுதியில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்திருந்தன. எங்கள் தோப்பில் மிஞ்சியது பதினொன்று.

நம்மிடம் அறிவு இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சென்னை தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தில் காற்றுச் சுரங்கமே இருக்கிறது. புயலைத் தாங்கும் வீடு கட்டுவதற்கு இந்தியத் தர நிறுவனத்தின் வழிகாட்டி 2004-லேயே வந்துவிட்டது. 2015-ல் திருத்திய காற்று விதியில் கிழக்குக் கரையோரக் கட்டிடங்களுக்கு என்று, கணக்கிடும் காற்று வேகத்தைக் கூட்ட ஒரு கூடுதல் பெருக்கெண் சேர்த்தார்கள். புயலுக்குப் பிறகும் இயங்க வேண்டிய மருத்துவமனை போன்றவற்றுக்கு 1.30, தொழிற்சாலைக்கு 1.15. சாதாரண வீட்டுக்கு? 1.00. ஒன்றால் பெருக்கினால் என்ன வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதையும்கூட, தெருவில் ஷீட் போடுகிற யாரிடமும் யாரும் கேட்பதில்லை. கேட்க ஆள் இல்லாததால் விற்கவும் ஆள் இல்லை. நல்ல வாஷர் வேண்டுமென்றால் எங்கள் ஊர் ஹார்டுவேர் கடையில் "அதெல்லாம் போவாது சார்" என்பார்.

கொசுக் கதையைச் சொல்லாமல் விட முடியாது. வந்த வருடமே, வீட்டுக்காரரின் மகள், ஏழு வயது, பள்ளிக்கூடத்திலிருந்து மூடி போட்ட ஒரு வெள்ளை வாளியைக் கொண்டுவந்தாள். பக்கவாட்டில் ஓட்டைகள். உள்ளே தண்ணீர், கொஞ்சம் தீனி, கொசு முட்டை ஒட்டிய ஒரு பட்டை. அதைத் தோட்டத்து நிழலில் வைத்துவிட்டு, "இவை என் கொசுக்கள், தொடாதே" என்றாள். நான் அன்று இரவு அம்மாவிடம் சொன்னேன். ஊரில் டெங்கு என்று நிலவேம்புக் கஷாயம் குடித்துக்கொண்டிருந்த காலம். "காசு கொடுத்துப் படிக்கப் போயி கொசு வளக்கிறியா?" என்றார்.

பழ ஈக்களில் இயல்பாக இருக்கிற வால்பாக்கியா என்ற பாக்டீரியாவை டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசுவுக்குள் ஏற்றிவிட்டால் அதன் உடம்பில் டெங்கு வைரஸ் சரியாகப் பெருகாது. அந்த ஆண் கொசு, பாக்டீரியா இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரியாது. பெண் கொசுவுக்கு இருந்தால் குஞ்சுக்கும் வந்துவிடும். ஆக, கொஞ்சம் விட்டால் போதும், தானே ஊர் முழுக்கப் பரவிவிடும். ஸ்காட் ஓநீல் என்பவரின் குழு இதை 2011 ஜனவரியில் டவுன்ஸ்வில்லுக்கு வடக்கே உள்ள கெய்ன்ஸ் நகரத்துப் பக்கத்தில் இரண்டு சின்னப் பகுதிகளில் தொடங்கியது. முதன்முதலில் ஒரு நகரம் முழுக்க விட்டுப் பார்த்தது டவுன்ஸ்வில்லில்தான். 2014 அக்டோபரிலிருந்து 28 மாதம், 66 சதுர கிலோமீட்டர். ஆளுக்குச் சுமார் 15 ஆஸ்திரேலிய டாலர் செலவு. அதற்குப் பிறகு அந்த ஊரில் டெங்கு உள்ளூரில் பரவிக் கொள்ளைநோயாகக் கிளம்பவில்லை.

ஆய்வுக்கூடத்தைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது அந்தச் சிறுமியின் வாளி. வீடு வீடாகப் போய், உங்கள் தோட்டத்தில் கொசு விடலாமா என்று கேட்டு, சம்மதிக்க வைக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதுவும் ஒரு தொழில்நுட்பம்தான், அதையும் சேர்த்துத்தான் வேறு வேறு நாடுகளுக்குக் கொண்டுபோனார்கள். நம் பக்கத்தில் புதுச்சேரியில் உள்ள கொசு ஆராய்ச்சி மையத்திலும் இப்படி வால்பாக்கியா ஏற்றிய ஏடிஸ் கொசுவை உருவாக்கிவிட்டார்கள். முட்டை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்ததுதான். அதை நம் தெருவில் விட யார் கதவைத் தட்டுவார்கள், அந்தக் கதவு திறக்குமா என்பதுதான் எனக்குக் கேள்வி. அம்மா திறக்க மாட்டார்.

இந்த ஊருக்கு இது இரண்டாவது சுற்று என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. 1910-ல் ஆன்டன் பிரைன்ல் என்ற மருத்துவர் லிவர்பூலிலிருந்து வந்து இங்கே மருத்துவமனை வளாகத்தில் ஒரு சின்னக் கட்டிடத்தில் வெப்பமண்டல மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார். ஆஸ்திரேலியாவின் முதல் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் அது. அன்றைய அரசுக்கு அதனிடம் இருந்த பெரிய கேள்வி அசிங்கமானது: வெள்ளைக்காரன் வெப்பமண்டலத்தில் உழைத்துப் பிழைக்க முடியுமா? ஏன் அந்தக் கேள்வி என்றால், கரும்புக் காட்டில் அதுவரை உழைத்த தென்கடல் தீவுக்காரர்களை 1901-ல் சட்டம் போட்டு வெளியேற்ற முடிவு செய்திருந்தார்கள். தீவிலிருந்து ஆள் பிடித்து வந்தவர்களில் முன்னோடி ராபர்ட் டவுன்ஸ். ஊரின் பெயரே அவர் பெயர்தான். வெள்ளைக்காரனால் முடியும் என்று விடை வந்தது. விடை கிடைத்ததும் அக்கறை போய்விட்டது போலிருக்கிறது. 1930-ல் நிலையத்தை சிட்னிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வெப்பமண்டல நோயை வெப்பமண்டலம் இல்லாத ஊரில் வைத்துப் படிக்கலாம் என்று முடிவு செய்தவர்களை நினைத்தால், தஞ்சாவூர் விவசாயத்துக்கு டெல்லியில் கூட்டம் போடுகிறவர்கள் ஞாபகம்தான் வருகிறது.

அதே கரும்புக் காடு இன்னொரு பாடமும் வைத்திருக்கிறது. 1935-ல், கரும்பு வண்டைத் தின்னும் என்று நம்பி ஹவாயிலிருந்து 102 பெருந்தேரைகளைக் கொண்டுவந்து, பெருக்கி, கெய்ன்ஸுக்குத் தெற்கே கோர்டன்வேலில் விட்டார்கள். விட்டவர்கள் ஏதோ வழிப்போக்கர்கள் இல்லை, கரும்பு ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள்! வண்டு கரும்பின் உச்சியில், தேரை தரையில். தேரை இன்றைக்கு நாட்டின் வடக்குப் பகுதி முழுக்கத் துள்ளுகிறது. மழை ராத்திரியில் என் வீட்டு வாசலில் நாலு உட்கார்ந்திருக்கும். அதே கோர்டன்வேலில்தான் 76 வருடம் கழித்து வால்பாக்கியா கொசுவை விட்டார்கள். அந்த ஊர்க்காரர்கள் எப்படிச் சம்மதித்தார்கள் என்று யோசித்தால், வாளி வைக்கச் சொல்லிக் கதவைத் தட்டியவர்களுக்கு எத்தனை பொறுமை இருந்திருக்க வேண்டும் என்று புரிகிறது.

2019 பிப்ரவரி வெள்ளத்தில் என் வாடகை வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். பத்து நாளில் ஒரு மீட்டருக்கும் மேல் மழை. டவுன்ஸ்வில் உண்மையில் வறண்ட ஊர், பக்கத்து ஊர்க்காரர்கள் புல் காய்ந்த நிறத்தை வைத்துக் கேலிப் பெயர் வைத்திருக்கிற ஊர். ராஸ் ஆற்று அணையில் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் தண்ணீர் ஏறி, 3-ஆம் தேதி இரவு மதகுகளை முழுக்கத் திறந்தார்கள். தண்ணீர் வடிந்ததும் நான் ஊர்ப் பழக்கத்தில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பேண்ட்டை மடித்துக்கொண்டு சேற்றை அள்ள ஆரம்பித்தேன். எதிர்வீட்டுக்காரர் கத்தினார், வைவது மாதிரி. "பூட்ஸ் போடு! மண்ணில் மெலியாய்டோசிஸ் இருக்கிறது!" ஈர மண்ணிலிருந்து தொற்றுகிற ஒரு நோய் அது. நான் பிறந்ததிலிருந்து சேற்றில் நடந்தவன். சேறு என்னை என்ன செய்யும்?

மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தது. போன கிளினிக்கில் இளம் வயது டாக்டர், உள்ளூர்க்காரப் பெண், 2000-ல் தொடங்கிய இங்கத்திய மருத்துவக் கல்லூரியில் படித்தவர். தெர்மாமீட்டரை எடுக்கும் முன்பே கேட்டார்: வெறுங்காலோடு சேற்றில் இறங்கினாயா? காலில் வெட்டுக்காயம் உண்டா? சர்க்கரை உண்டா? உடனே ரத்தம் எடுத்து வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினார். கடைசியில் எனக்கு வந்தது ராஸ் ரிவர் காய்ச்சல். வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற ஆற்றின் பெயரிலேயே கொசு பரப்புகிற காய்ச்சல் ஒன்று இருக்கிறது, 1959-ல் இந்த ஆற்றங்கரைக் கொசுவிலிருந்துதான் அந்த வைரஸைப் பிரித்தார்கள். இரண்டு மாதம் விரல் மடக்க முடியவில்லை. ஸ்க்ரூ டிரைவர் பிடிக்க முடியாத கூரைக்காரனாக வீட்டில் கிடந்தேன்.

படுத்துக் கிடந்தபோது என் பெரியப்பாவை நினைத்துக்கொண்டேன். சர்க்கரைக்காரர். நடவுக்காலம் முழுக்க வயலில் நிற்பார். விட்டு விட்டுக் காய்ச்சல், இருமல், நெஞ்சில் சளி. காசநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள். ஆறு வாரத்தில் போய்விட்டார். அது மெலியாய்டோசிஸ் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த நோய் காசநோய் மாதிரியே வேஷம் போடும், சர்க்கரைக்காரரைத் தேடிப் பிடிக்கும், அதன் கிருமி ஈர மண்ணில் வாழும். வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் கண்டுபிடிக்கவும் செய்கிறார்கள். 1911-லேயே ரங்கூனில் விட்மோர் என்ற மருத்துவர் இதை விவரித்துவிட்டார். நோய் பழசு. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் அந்த மூன்று கேள்விகளைக் கேட்க யாரும் இல்லை, அவ்வளவுதான். உள்ளூர் மருத்துவக் கல்லூரி என்றால் என்ன என்று எனக்கு அன்றுதான் உறைத்தது. அந்தப் பெண் எங்கேயோ படித்துவிட்டு இங்கே வந்திருந்தால், சேற்றைப் பற்றி முதல் கேள்வியாகக் கேட்டிருப்பாரா?

மிகைப்படுத்தவும் கூடாது. டவுன்ஸ்வில்லுக்குச் சோறு போடுவது இன்றும் ராணுவ முகாம், மருத்துவமனை, துறைமுகம், கரும்பு, சுரங்கச் சரக்கு. பவளத்திட்டு ஆணையம் 1975-லிருந்து இருக்கிறது, கடல் ஆராய்ச்சி நிலையம் 1972-லிருந்து இருக்கிறது, அங்கெல்லாம் படித்தவர்களுக்கு நல்ல வேலை உண்டு. நிக்கல் ஆலையில் வேலை போன வீட்டுக்காரரின் தம்பிக்கு அந்தக் கதவுகள் எதுவும் திறக்கவில்லை. அவர் இப்போது மேற்கே சுரங்கத்துக்கு விமானத்தில் போய் வருகிறார். அறிவை வைத்துப் பிழைப்பது என்று சுவரில் எழுதுகிறவர்கள் யாருடைய பிழைப்பு என்று எழுதுவதில்லை. இன்னொன்று, கூரையைச் சரிசெய்தவர்களுக்கு எல்லாம் காப்பீட்டுக் கட்டணம் அதற்குத் தக்கபடி குறைந்துவிட்டது என்றும் இல்லை. வடக்கே கட்டணம் தாங்க முடியவில்லை என்று பெரிய விசாரணை நடந்து, 2022 ஜூலையில் மத்திய அரசே, காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு தருகிற புயல் மறுகாப்பீட்டு நிதியம் ஒன்றைத் தொடங்கியது. நான் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்த ஓர் அறிக்கையை, பெயர் வேண்டாம், ஒரு காப்பீட்டு நிறுவனம் திறந்துகூடப் பார்க்காமல் பழைய கட்டணத்தையே, நான் பட்டை எண்ணிய அந்தக் கிழவிக்கு அனுப்பியது. அவர் எனக்குப் போன் செய்து, "உன் படங்கள் அழகாக இருந்தன" என்றார்.

போன மே மாதம் ஊருக்குப் போயிருந்தேன். மாடியில் ஷீட் போட வேண்டும் என்று அப்பா நாலு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த வேலை. வந்தது ஆவணம் ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணன், ஐம்பது வயது இருக்கும், கூட இரண்டு பையன்கள். நான் ஒரு தாளில் படம் போட்டு வைத்திருந்தேன். ஓரத்திலும் மூலையிலும் காற்று அதிகம் உறிஞ்சும், அங்கே ஸ்க்ரூவை நெருக்கமாகப் போட வேண்டும், நடுவில் இடைவெளி விடலாம். அவரிடம் எப்படிச் சொல்வது, இவன் வெளிநாட்டில் இருந்து வந்து நமக்குச் சொல்கிறானே என்று நினைப்பாரோ என்று ஒரு நாள் முழுக்கத் தாளைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

மறுநாள் காலை மேலே போய்ப் பார்த்தால், சுற்றிலும் ஓரத்தில் ஒவ்வொரு முகட்டிலும் ஒரு ஸ்க்ரூ. உள்ளே போகப் போக ஒன்று விட்டு ஒன்று. வாஷர்? கடையில் கிடைக்காததால் பழைய டயர் ட்யூபையும் தகட்டையும் வட்டமாக வெட்டி, தலைக்குக் கீழே ஒன்றன் மேல் ஒன்றாக வைத்திருந்தார். ஸ்க்ரூ தலையின் பிடி ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு விரிந்திருந்தது. அங்கே சோதனையில் தேறி, பெட்டியில் போட்டு, எண் ஒட்டி விற்கிற சரக்கின் வேலை அதுதான்.

"இப்படிப் போடணும்னு எப்படிண்ணே?"

"கஜாவுக்கு மறுநா ரோட்ட அடச்சிருந்துச்சுல்ல. வேலையும் இல்ல. நடந்தே போயி சுத்துப்பட்டு ஊரு பூரா பாத்தேன். எது போயிருக்கு, எது நிக்கிதுன்னு. ஓரத்துலதான் தம்பி கெளப்புது. ஓரம் போச்சுன்னா அப்புறம் சீட்டு விரிச்ச மாதிரி பூராம் போயிரும். ஸ்க்ரூ போவல, ஓட்டதான் பெருசாயி போயிருக்கு."

எத்தனை ஊர் பார்த்தார் என்று கேட்டேன். நாலு நாள் நடந்தாராம். எங்கேயாவது எழுதி வைத்தாரா என்று கேட்டதற்குச் சிரித்தார். கூலி எப்படிப் பேசினார் என்று அப்பாவிடம் அப்புறம் கேட்டேன். சதுர அடிக் கணக்குதான். ஓரத்துக்கும் நடுவுக்கும் ஒரே விலை.

நான் சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்து அவரிடம் காட்டினேன். எண்ணெய்க் கையோடு வாங்கி, தலைகீழாகப் பிடித்து, திருப்பிப் பிடித்துப் பார்த்தார்.

"அங்க இதச் சொல்றதுக்குக் காசு தருவாங்களா?"

"தருவாங்கண்ணே."

"எவ்வளவு?"

சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு தாளை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு, கையால் சைகை காட்டினார். "தம்பி, ரெண்டு பைப்புக்கு நடுவுல நிக்கிறீங்க. ஷீட்டு வளையுது பாருங்க. பைப்பு மேல காலு வச்சு வாங்க."